ஒரு கூட்ஸ் வண்டி தடம் புரண்டால்...

ஞாயிற்றுக்கிழமை. பொழுது அப்போதுதான் புலர்ந்துகொண்டிருந்தது. 2025-ம் ஆண்டு, ஜூலை மாதம் 13-ந் தேதி. மணி ஐந்தரை இருக்கும். டீசல் ஏற்றிய நீண்ட கூட்ஸ் வண்டி ஒன்று சென்னைப் பக்கமிருந்து அரக்கோணம் மார்க்கமாகப் போய்க்கொண்டிருந்தது. திருவள்ளூர் அருகே அது தடம் புரண்டது. டாங்கர்கள் ஒன்றோடொன்று மோதிச் சாய்ந்தன. டீசல் கொட்டியது. 'குபீர்' என்று தீப்பிடித்தது.

18 டாங்கர்கள் எரிந்தன. கரும்புகை வானத்தை மறைத்தது. பாதை ஓரத்தில் குடியிருந்தவர்களை அதிகாரிகள் அவசரம் அவசரமாக வெளியேற்றினார்கள். வீடுகளில் இருந்த சமையல் வாயு சிலிண்டர்களையும் அப்புறப்படுத்தினார்கள். நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

மறுநாள் பத்திரிகைகளில் புகையின் படம் வந்தது, எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் அந்தப் புகை எட்டாத ஊர்களிலும் அன்று பல ஆயிரம் பேர் ஸ்டேஷன்களில் மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கோயம்புத்தூர் ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கேயிருந்து பிற்பகலில் சென்னைக்குத் திரும்ப வேண்டிய கோவை எக்ஸ்பிரசுக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தவர்களுக்கு வண்டி இல்லை. பெங்களூரில் பிருந்தாவனுக்குக் காத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான்.

திருவள்ளூரில் கூட்ஸ் வண்டி விழுந்தால் கோயம்புத்தூரில் ஏன் வண்டி நிற்க வேண்டும்? நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளமானது.

சென்னையின் மேற்கு வாசல்

தென்னாட்டில் முதல் முதலாகப் பிரயாணி ரயில் ஓடிய பாதை இதுதான். 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் வண்டி விடப்பட்டது. திருவள்ளூரும் அரக்கோணமும் அந்த வழியில் உள்ள ஊர்கள்.

சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் சுமார் 42 கிலோமீட்டர். அரக்கோணம் சுமார் 69 கிலோமீட்டர். அரக்கோணம் போனால் பாதை மரக்கிளை மாதிரி பிரிகிறது. வடக்கே ஒரு கிளை, திருத்தணி, ரேணிகுண்டா வழியாக மும்பைக்கு. மேற்கே ஒரு கிளை, காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூருக்கும், சேலம், ஈரோடு, கோவை, கேரளத்துக்கும். தெற்கே ஒரு சிறு கிளை, காஞ்சிபுரம் வழியாகச் செங்கற்பட்டுக்கு.

ஆகவே, அரக்கோணத்துக்கும் சென்னைக்கும் நடுவே பாதை அடைபட்டால், சென்னை நகரின் மேற்கு வாசல் கதவைச் சாத்தியது போல்தான்.

அடைபட்ட நேரத்தையும் கவனியுங்கள். காலை ஐந்தரை மணி. கொங்கு நாட்டிலிருந்தும், கேரளத்திலிருந்தும், மைசூர்ப் பக்கத்திலிருந்தும் ராத்திரி கிளம்பிய வண்டிகள் வரிசையாகச் சென்னையை நெருங்கும் நேரம் அது. பிரயாணிகள் கண் விழித்துப் பல் தேய்த்து, படுக்கையைச் சுருட்டி வைக்கும் நேரம். அதே சமயத்தில் சென்ட்ரலில் கோவை எக்ஸ்பிரசும், சதாப்தியும், வந்தே பாரத்தும் புறப்படத் தயாராக நின்றிருக்கும். உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் வாசலில் முட்டிக்கொள்ளும் வேளை பார்த்துக் கதவு சாத்திக்கொண்டது.

"நாலு பாதை இருக்கிறதே!"

அந்த இடத்தில் ஒரு பாதை இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நாலு பாதைகள் ஓடுகின்றன. ஒன்றில் வண்டி விழுந்தால் மற்ற மூன்றில் விடக் கூடாதா என்று பிளாட்பாரத்தில் பலர் கேட்டிருப்பார்கள்.

டாங்கர் விழும்போது தன் பாதைக்குள்ளேயே அடக்கமாக விழுவதில்லை. குறுக்கே விழுகிறது, பக்கத்துப் பாதையில் சரிகிறது. ஒரு டாங்கரில் சுமார் 70,000 லிட்டர் எண்ணெய் கொள்ளும். அது எரியும்போது பக்கத்துத் தண்டவாளமும் காய்கிறது. சூட்டில் இரும்பு வளைகிறது. சிலீப்பர்களும் பழுதாகின்றன.

தலைக்கு மேலே இன்னொரு விஷயம் இருக்கிறது. மின்சார ரயிலுக்கான கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. அதை நிறுத்தாமல் தீயணைப்புப் படையினர் தண்ணீரைப் பீய்ச்ச முடியாது; உயிருக்கு ஆபத்து. முதலில் மின்சாரம் நிறுத்தப்பட வேண்டும். பிறகு கம்பியைப் பூமியோடு இணைக்க வேண்டும். அப்புறம்தான் பக்கத்தில் போகலாம். மின்சாரம் நின்றதும் நாலு பாதைகளிலும் எஞ்சின்கள் ஓய்ந்து நின்றுவிடுகின்றன.

எண்ணெய்த் தீ வெறும் தண்ணீருக்கு அடங்குவதும் இல்லை. நுரை வேண்டும். எரியாத டாங்கர்களைக் கழற்றிப் பின்னால் இழுத்துவிட வேண்டும். தீ அணைந்த பிறகும் டாங்கர் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தொட்டால் மறுபடியும் பற்றிக்கொள்ளும். அன்று தீயை அடக்கவே பகல் பொழுதின் பெரும் பகுதி போய்விட்டது.

இதற்கெல்லாம் முந்திய வேலை ஒன்று உண்டு. தடம் புரண்ட வண்டியின் டிரைவர் செய்ய வேண்டிய வேலை அது. பக்கத்துப் பாதையில் எதிரே வேறு வண்டி வந்துகொண்டிருக்கலாம் அல்லவா? எஞ்சினின் நெற்றியில் உள்ள மினுக்கு விளக்கை உடனே எரிய விட வேண்டும். உதவி டிரைவர் சிவப்புக் கொடியோடும் வெடிகளோடும் ஓட வேண்டும். 600 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு வெடி. 1,200 மீட்டரில் மூன்று வெடிகள். வருகிற எஞ்சின் அவற்றின் மீது ஏறினால் 'டப்', 'டப்' என்று வெடிக்கும். அந்த டிரைவர் சத்தம் கேட்டு பிரேக் போடுவார். இருட்டிலும் ஜல்லிக் கல்லின் மேல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அந்த ஓட்டத்தைப் பிரயாணிகள் யாரும் பார்ப்பதில்லை.

அது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரிசாவில் பாலசோர் அருகே 2023 ஜூன் 2-ந் தேதி நடந்ததே சாட்சி. நின்றிருந்த கூட்ஸ் வண்டியின் மேல் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மோதியது. அதன் பெட்டிகள் பக்கத்துப் பாதையில் விழுந்தன. அந்தப் பாதையில் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்த வண்டியின் கடைசிப் பெட்டிகளும் அதில் சிக்கிக்கொண்டன. கொடியெடுத்து ஓட அங்கே நேரமே கிடைக்கவில்லை. 290-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

நாலு நீண்ட ஊதல்

ரயில்வே காலனியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சத்தம் மறக்காது. ஷெட்டிலிருந்து சங்கு ஊதும். நாலு நீண்ட ஊதல் என்றால், வெளி ஸ்டேஷனில் விபத்து, மெயின் லைன் அடைபட்டது என்று அர்த்தம். அதோடு ஒரு குட்டை ஊதலும் சேர்ந்தால், டாக்டர் வண்டியும் வேண்டும் என்று பொருள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை கழுவிக்கொண்டு ஓடுவார்கள். வீட்டில் பெண்கள் வாசலுக்கு வந்து, யாருடைய வண்டியோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

இன்று டெலிபோன் முந்திக்கொள்கிறது. ஆனால் ஓட்டம் அதேதான். விபத்து நிவாரண வண்டி பகலில் அரை மணிக்குள் ஷெட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இரவில் முக்கால் மணிக்குள். 140 டன் தூக்கும் பெரிய கிரேன் அதில் வரும். தண்டவாளம், ஜாக்கி, கம்பி வெட்டும் கருவி, சமையல் சாமான்கள் எல்லாம் அதிலேயே உண்டு. அந்த வண்டிக்கும் ஒரு டிரைவர் வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிவாரண வண்டி வருகிறது என்றால், வேறு ஏதோ ஒரு வண்டிக்கு வர வேண்டியவர் அங்கே வரவில்லை என்று அர்த்தம்.

சுற்று வழி எது?

இதே நேரத்தில் கண்ட்ரோல் அறையில் டெலிபோன் ஓயாமல் அடிக்கும். எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் நிற்கிறது, எதை எங்கே திருப்புவது என்று முடிவு செய்யும் இடம் அது. முன்பெல்லாம் கண்ட்ரோலர் பெரிய கட்டக் காகிதத்தில் பென்சிலால் கோடு இழுப்பார். ஒவ்வொரு கோடும் ஒரு வண்டி. இப்போது அந்தக் கோடுகள் கம்ப்யூட்டர் திரையில் வருகின்றன. சாய்வாக ஓடிக்கொண்டிருந்த கோடுகளெல்லாம் அன்று காலை அரக்கோணத்தருகே வந்து படுத்துவிட்டன.

அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு வர இரண்டு சுற்று வழிகள் உண்டு.

ஒன்று, தெற்கே காஞ்சிபுரம், செங்கற்பட்டு, தாம்பரம் வழி. நேர் வழியைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம். தூரம் பெரிய கஷ்டமில்லை. அரக்கோணத்துக்கும் செங்கற்பட்டுக்கும் நடுவே ஒற்றைப் பாதை என்பதுதான் கஷ்டம். எதிரே ஒரு வண்டி வந்தால் இன்னொரு வண்டி ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒற்றையடிப் பாதையில் திருவிழாக் கூட்டத்தை விட்டால் எப்படி இருக்கும்?

மேல்பாக்கம் என்ற சிறு ஸ்டேஷன் அன்று முக்கியமாகிறது. மேற்கிலிருந்து வரும் வண்டி அங்கிருந்தே, அரக்கோணத்துக்குள் நுழையாமல், காஞ்சிபுரப் பக்கம் திரும்பிவிடலாம். அதைத் தாண்டி வந்துவிட்ட வண்டிக்கு அந்த வசதி போயிற்று. பத்து நிமிஷம் முந்தி வந்ததே அன்று பாதகம்!

இரண்டாவது, வடக்கே ரேணிகுண்டா, கூடூர் வழி. அரக்கோணத்திலிருந்து ஆந்திரப் பிரதேசத்துக்குள் போய், கூடூரைத் தொட்டு, கும்மிடிப்பூண்டி வழியாகச் சென்னைக்குத் திரும்ப வேண்டும். 69 கிலோமீட்டர் போக வேண்டிய இடத்துக்கு 280 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. மூக்கைத் தொடத் தலையைச் சுற்றுவது என்பார்களே, அதுதான்.

இந்த இரண்டு பாதைகளும் ஒன்றுக்கொன்று ஜாமீன் போல. அதற்கு ஒன்பது மாதம் முன்பு, 2024 அக்டோபர் 11-ந் தேதி இரவு, சென்னை – கூடூர் பாதையில் கவரைப்பேட்டையில் நின்றிருந்த கூட்ஸ் வண்டியின் மேல் மைசூர் – தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியது. அப்போது கூடூர்ப் பக்கத்து வண்டிகளை அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகத் திருப்பினார்கள். 2025-ல் கணக்கு தலைகீழாயிற்று. இரண்டும் ஒரே நாளில் அடைபட்டால் என்ன ஆகும் என்று கண்ட்ரோலர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

டிரைவருக்குப் பாதை தெரியுமா?

சுற்று வழி இருக்கிறது, எஞ்சினும் இருக்கிறது, டிரைவரும் உட்கார்ந்திருக்கிறார். பிறகு ஏன் வண்டி கிளம்பவில்லை?

பஸ் டிரைவர் தெரியாத ஊரில் கடைக்காரரிடம் வழி கேட்டுக்கொண்டு போகலாம். ரயில் டிரைவர் அப்படிப் போக முடியாது. தண்டவாளம் அழைத்துப் போகிறது, ஸ்டீரிங்கே கிடையாது, இதில் வழி தெரிய என்ன இருக்கிறது என்று தோன்றும். இருப்பது ஏராளம். எந்த வளைவைத் தாண்டினால் சிக்னல் தெரியும்? எந்த இறக்கத்தில் வண்டி தானாக வேகம் பிடிக்கும்? எங்கே லெவல் கிராஸிங்? எந்த ஸ்டேஷனில் நாலைந்து சிக்னல்கள் கூட்டமாக நிற்கும், அதில் தன்னுடையது எது? ஆயிரம் டன்னுக்கு மேல் கனமுள்ள வண்டி, பிரேக் போட்ட இடத்தில் நிற்காது. சிக்னல் கண்ணில் படும் முன்பே அது எங்கே வரும் என்று டிரைவரின் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால்தான் ஒரு விதி உண்டு. புதிய பாதையில் வண்டி ஓட்டும் முன், அந்தப் பாதையில் தெரிந்த டிரைவரோடு மூன்று தடவை எஞ்சினில் போய்ப் பழக வேண்டும். அதில் ஒரு தடவையாவது இரவில் போக வேண்டும். பிறகு 'எனக்கு இந்தப் பாதை தெரியும்' என்று கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. மறுபடியும் போய்ப் பழக வேண்டும்.

ஜோலார்பேட்டைக்கும் சென்னைக்கும் நடுவே நித்தம் ஓடும் ஒருவருக்கு நேர் பாதை மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஆனால் காஞ்சிபுரம் பாதைக்கு அவர் கையெழுத்துப் போட்டிருக்காவிட்டால், அங்கே அவர் வண்டியை நகர்த்தக் கூடாது. பாதை தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, வழிகாட்டியாக எஞ்சினில் ஏற்ற வேண்டும். ஒரு வண்டிக்கு ஒருவரென்றால் கிடைப்பார். வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கெல்லாம் எங்கே போவது? செங்கற்பட்டில் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவரை எழுப்பி, அவரை ஜீப்பில் ஏற்றி, அரக்கோணத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கடிகாரம் நிற்பதில்லை

வண்டி நின்றாலும் டிரைவரின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இது பலருக்குத் தெரியாத விஷயம்.

கணக்குக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். இரவு ஒன்றரை மணிக்கு ஜோலார்பேட்டை லாபிக்கு வருகிறார். லாபி என்பது டிரைவர்களும் கார்டுகளும் டூட்டிக்குக் கையெழுத்துப் போடும் இடம். அங்கே ஊதச் சொல்வார்கள். குடித்திருந்தால் கருவி காட்டிக் கொடுத்துவிடும். பாதையில் எங்கெங்கே மெதுவாகப் போக வேண்டும் என்ற காகிதத்தை வாங்கிக்கொள்கிறார். தன் பெட்டியோடு வண்டி ஏறுகிறார். காலை ஏழு மணிக்குச் சென்னையில் டூட்டி முடிய வேண்டும். ஐந்தரை மணி நேர வேலை.

ஐந்தே முக்காலுக்கு, அரக்கோணத்துக்கு முன்னால் ஒரு சிறு ஸ்டேஷனில் சிக்னல் சிவப்பாகிறது. நிற்கிறார். ஆறு, ஏழு, எட்டு.

டூட்டிக்குக் கையெழுத்திட்டதிலிருந்து ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஒருவரைச் சாதாரணமாக வேலை வாங்கக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமானால் இரண்டு மணி முன்னதாகவே அவரிடம் சொல்லிவிட வேண்டும். அப்படியும் மொத்தம் பதினோரு மணி நேரம். விபத்து, வெள்ளம் போன்ற நெருக்கடிகளில் இதற்கும் விலக்கு வைத்திருக்கிறார்கள். நம்முடைய டிரைவருக்கு ஒன்பது மணி நேரம் காலை பத்தரைக்கு முடிகிறது. பதினோரு மணி நேரம் பகல் பன்னிரண்டரைக்கு.

அவர் வண்டிக்கு வழி கிடைத்து, வழிகாட்டியும் கிடைத்து, ஒன்பதரை மணிக்குப் புறப்பட்டதாக வைத்துக்கொள்வோம். ஒற்றைப் பாதையில் நின்று நின்று போகிறார். செங்கற்பட்டு வருவதற்குள் மணி பன்னிரண்டை நெருங்கிவிடும். அங்கே அவரை இறக்கிவிட்டு வேறு ஒருவரை ஏற்ற வேண்டும். அந்த வேறு ஒருவர் யார்? மாலை வண்டிக்காகக் குறித்து வைத்திருந்தவர்.

இத்தோடு முடிந்ததா? இல்லை. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வெளியூரில் எட்டு மணி நேர ஓய்வு தர வேண்டும். சொந்த ஊரில் என்றால் பதினாறு மணி நேரம். பகல் பன்னிரண்டுக்கு இறங்கியவர் இரவு எட்டுக்குத்தான் எஞ்சின் ஏறலாம். அவர் ஓட்ட வேண்டிய பிற்பகல் வண்டிக்கு ஆள் இல்லை. அந்த வண்டிக்கு ஒருவரைப் பிடித்தால், அவர் போக வேண்டிய இரவு வண்டிக்கு ஆள் இல்லை. காலையில் திருவள்ளூரில் விழுந்த ஓட்டை, சாயங்காலத்துக்குள் ஊர் ஊராக நகர்ந்துவிடுகிறது.

'விலக்கு' இருக்கிறதே, ஓட்டச் சொல்ல வேண்டியதுதானே என்று ஒரு குரல் எழலாம். ராத்திரி முழுதும் கண் விழித்தவர், பன்னிரண்டாவது மணி நேரத்தில், பழக்கமில்லாத பாதையில் சிக்னலைத் தேடுகிறார். பின்னால் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உட்கார்ந்திருக்கிறார்கள். விலக்கை எழுதியவர்கள் ஆபீசில் உட்கார்ந்து எழுதினார்கள். எஞ்சினில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் எரிகிறது.

தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்டுகள் 2024 ஜூன் மாதம் போராட்டத்தில் இறங்கியதும் இந்த ஓய்வுக் கணக்குக்காகத்தான். வார ஓய்வை முழுமையாகக் கொடுங்கள், தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் இரவு டூட்டி போடாதீர்கள் என்பது அவர்கள் கேட்டது. விபத்தில்லாத நாளிலேயே இழுபறி என்றால், விபத்து நாளைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

போன பெட்டிதான் திரும்பி வரும்

இப்போது கோயம்புத்தூர்க் கேள்விக்கு வருவோம்.

கோவை எக்ஸ்பிரஸ் காலையில் சென்னையிலிருந்து கிளம்பி, பிற்பகலில் கோவை போய்ச் சேருகிறது. சுமார் ஒரு மணி நேரம் இளைப்பாறிவிட்டு, அதே பெட்டிகள் திரும்பிச் சென்னைக்கு வருகின்றன. பிருந்தாவனும் அப்படித்தான், பெங்களூருக்குப் போய்த் திரும்புகிறது. காலையில் சென்ட்ரலை விட்டு நகராத வண்டி, பிற்பகலில் கோவையில் எங்கிருந்து முளைக்கும்? அதனால்தான் அங்கே புகையே தெரியாவிட்டாலும் வண்டி இல்லை.

ராத்திரி வண்டிகளின் கதை வேறு விதம். மேற்கிலிருந்து வந்து அரக்கோணத்துப் பக்கம் நின்றுவிட்ட வண்டி, சென்னைக்குப் போய்ச் சேர்ந்து, கழுவித் துடைத்து, தண்ணீர் நிரப்பி, இரவு மறுபடியும் புறப்பட வேண்டும். அது வரவில்லை. சென்னையில் பிரயாணிகள் இருக்கிறார்கள், பெட்டிகள் இல்லை. சில வேளைகளில் வழியிலேயே ஒரு ஸ்டேஷனில் வண்டியை முடித்து, அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதில் முன்பதிவு செய்தவர் பஸ் பிடித்து அந்த ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அன்று சிறப்புப் பஸ்களும் விடப்பட்டன.

சிறு ஸ்டேஷனில் ஒரு பகல்

எல்லாருக்கும் கடைசியில் நினைக்கப்படுபவர்கள் மற்றக் கூட்ஸ் வண்டிகளின் சிப்பந்திகள். பாதை அடைபட்டவுடன், வழியில் வந்துகொண்டிருக்கும் கூட்ஸ் வண்டிகளைச் சிறு ஸ்டேஷன்களில் ஒதுக்கிக் கட்டிப்போட்டுவிடுவார்கள். பிரயாணி வண்டிகளுக்கு முதலில் வழி வேண்டுமே! அந்தச் சிறு ஸ்டேஷனில் ஓட்டல் இருக்காது. டீக்கடை அரை மைல் தள்ளி இருக்கும். வண்டியை விட்டு அவ்வளவு தூரம் போகவும் கூடாது. இன்னும் பல எஞ்சின்களில் கழிப்பறை கிடையாது. பெண்களும் இப்போது எஞ்சின் ஓட்டுகிறார்கள். அவர்கள் பாடு இன்னும் சிரமம்.

வண்டியின் கடைசியில் கார்டு இருப்பார். 2022-ல் அவருக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றினார்கள். பிளாட்பாரத்தில் இன்னும் கார்டுதான். எஞ்சினில் இருவர், அவர்களாவது ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளலாம். கூட்ஸ் வண்டியின் பின்னால் இவர் ஒருவரே. வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதம் காலையிலேயே தீர்ந்திருக்கும். மாற்று ஆள் எப்போது வருவார் என்று கண்ட்ரோலைக் கேட்பார். வருவார் என்று பதில் வரும்.

வீட்டிலும் ஒருவர் காத்திருப்பார். இரவு டூட்டிக்குப் போனவர் காலை பலகாரத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். டெலிவிஷனில் எரியும் டாங்கர்களைக் காட்டுகிறார்கள். டூட்டியில் இருக்கும்போது டிரைவர் செல்போனைத் தொடக் கூடாது. அந்த வீட்டில் அன்று காலை எப்படிப் போயிருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

பிரயாணி என்ன செய்யலாம்?

வண்டி ரத்தானால் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். இன்டர்நெட்டில் வாங்கிய டிக்கெட்டுக்குப் பணம் தானாகவே கணக்குக்கு வந்துவிடும். வண்டியை வேறு வழியாகத் திருப்பி, அதில் போக உங்களுக்கு விருப்பமில்லை என்றால், அல்லது நீங்கள் ஏறும் ஸ்டேஷனுக்கு வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பிரயாணம் செய்யவில்லை என்றால், அப்போதும் முழுப் பணமும் கேட்கலாம். அதற்கு டி.டி.ஆர். என்ற விண்ணப்பம் போட வேண்டும். கேட்காதவர்களுக்குக் கிடைப்பதில்லை.

விவரம் தெரிய 139 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். வழி மாறிய வண்டி உங்கள் ஊரில் நிற்காமலே போய்விடக்கூடும். ஆகவே, 'வண்டி உண்டா?' என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், 'எந்த வழியாக, எந்த ஸ்டேஷனில் நிற்கும்?' என்றும் கேட்பது நல்லது.

பாதை திறந்தது

தீ அடங்கிய பிறகு கிரேன்கள் வந்தன. கருகிய டாங்கர்களைத் தூக்கி ஓரத்தில் போட்டார்கள். வளைந்த தண்டவாளங்களை அறுத்து எடுத்துவிட்டுப் புதியவை இட்டார்கள். மின்சாரக் கம்பியை மறுபடியும் கட்டினார்கள். ராத்திரியெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் வேலை நடந்தது. மறுநாள், 14-ந் தேதி, பாதைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

புதிதாகப் போட்ட தண்டவாளத்தில் முதலில் போகும் வண்டிகள் நடை வேகத்தில்தான் போக வேண்டும். எவ்வளவு வேகம், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று டிரைவரிடம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வண்டி மெல்ல ஊர்கிறது. பிரயாணிகள் ஜன்னலில் முகத்தை வைத்துக் கறுத்துப்போன டாங்கர்களைப் பார்க்கிறார்கள். செல்போனில் படம் பிடிக்கிறார்கள். டிரைவர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அவர் கண் எதிரே உள்ள சிக்னலில் இருக்கிறது. அது பச்சையானதும், பின்னால் சிறு ஸ்டேஷன்களில் கட்டிப்போட்டிருந்த கூட்ஸ் வண்டிகளுக்கும் ஒவ்வொன்றாக வழி கிடைக்கிறது.